ஒரு சிறிய குப்பி, ஒரு பெரிய பாடம்

அடுக்களையில் உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு. ஒரே மாதிரி மூடி. விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு காப்பி கலக்கும் அம்மா, ஒருநாள் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிடுகிறார். முதல் வாயிலேயே நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். வீடே சிரிக்கிறது. அந்தக் காப்பியைக் கொட்டிவிட்டு வேறு கலந்துகொண்டால் தீர்ந்தது.

ஆனால், மறுநாளும் இதே தவறு நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள்? "அம்மா, இனிமேல் கவனமாக இருங்கள்" என்று சொல்வீர்களா? அல்லது உப்பு டப்பாவை எடுத்து வேறொரு தட்டில் வைப்பீர்களா?

மிக எளிய கேள்வி. ஆயினும் இதே கேள்விக்குச் சரியான விடையைக் கண்டுகொள்ள உலகின் மருத்துவமனைகளுக்குப் பல ஆண்டுகள் ஆயின. அங்கே தவறாகக் கொடுத்ததைக் கொட்டிவிட முடியாது. சிரைக்குள் போன மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மூன்று குப்பிகள், ஒரே தோற்றம்

மருத்துவமனை வார்டு ஒன்றில் இரவு இரண்டு மணி. செவிலியர் மருந்து அலமாரியைத் திறக்கிறார். உள்ளே 10 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு குப்பிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் ஊசிமருந்தைக் கரைப்பதற்கான தூய நீர். இன்னொன்றில் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பின் கரைசல். மூன்றாவதில் பொட்டாசியம் குளோரைடின் செறிந்த கரைசல். மூன்றும் தண்ணீர் போலத் தெளிவானவை. நிறமும் இல்லை, மணமும் இல்லை. மேலே ஒட்டிய சிறு எழுத்துக்கள் மட்டுமே அவற்றை வேறுபடுத்துகின்றன.

முதல் இரண்டில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பெரிய கேடு வராது. மூன்றாவதை எடுத்து அப்படியே சிரைக்குள் செலுத்திவிட்டாலோ, சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடக்கூடும்.

"அப்படியானால் இவ்வளவு ஆபத்தான பொருளை மருத்துவமனையில் ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். அது உயிர் காக்கும் மருந்தும் ஆகும். கடும் வயிற்றுப்போக்கின்போது உடலிலிருந்து பொட்டாசியம் ஏராளமாக வெளியேறிவிடும். அதனால் தசைகள் தளரும். இதயத் துடிப்பு தடுமாறும். அப்போது இழந்த பொட்டாசியத்தை ஈடுகட்டியே ஆகவேண்டும். பெரிய பாட்டிலில் உள்ள கரைசலோடு இம்மருந்தைக் கலந்து, பல மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். ஆக, மருந்து ஒன்றுதான். நீர்த்த நிலையில் மெல்லச் செலுத்தினால் உயிர் தருகிறது. செறிந்த நிலையில் விரைந்து செலுத்தினால் உயிரை வாங்குகிறது. இது ஏன்?

இளநீரும் ஊசிமருந்தும்

நீங்கள் வகுப்பில் கற்ற வேதியியல் இங்கே உதவும். நம் நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் 10 மில்லிலிட்டர் குப்பியில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. பொட்டாசியத்தின் அணு எடை 39.1; குளோரினுடையது 35.5. கூட்டினால் 74.6. எனவே 1.5 கிராம் என்பது ஏறத்தாழ 0.020 மோல், அதாவது 20 மில்லிமோல்.

இனி நம் இரத்தத்தைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் இரத்தத்தில் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி சுமார் 3 லிட்டர். அதில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை பொட்டாசியம் இருப்பது இயல்பு. சராசரியாக 4 என்று கொண்டால், மொத்தம் 12 மில்லிமோல்தான்! விரல் நீளமுள்ள அந்தக் குப்பிக்குள் நம் பிளாஸ்மா முழுவதிலும் உள்ளதைவிட அதிகப் பொட்டாசியம் அடங்கியிருக்கிறது.

இன்னொரு வியப்பு. ஒரு பெரிய இளநீரிலும் ஏறத்தாழ இதே அளவு பொட்டாசியம் இருக்கக்கூடும். அதை நாம் விரும்பிக் குடிக்கிறோம். உடல் நலமுள்ளவருக்கு ஒன்றும் ஆவதில்லை. காரணம், குடலிலிருந்து பொட்டாசியம் சிறிது சிறிதாகவே இரத்தத்தில் சேர்கிறது. சேரச்சேர உடலின் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மிகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடுகின்றன. சிறுநீரகம் பழுதுற்றவர்களிடம் மருத்துவர்கள் இளநீரைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். சிரையில் விரைந்து செலுத்தும் ஊசியோ இந்தக் காவல்களுக்கெல்லாம் அவகாசம் தராமல் நேரே இதயத்தை அடைந்துவிடுகிறது.

இதயத் தசையின் ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு மின்கலம் போன்றது. செல்லின் உள்ளே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் பொட்டாசியம்; வெளியே 4 மட்டுமே. இந்த 35 மடங்கு வேறுபாட்டினால்தான் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இந்த மின்கலம் வெறுமையாகி, மீண்டும் மின்னேற்றம் பெறுகிறது. வெளியே உள்ள பொட்டாசியம் திடீரென்று பெருகினால் வேறுபாடு குறைந்துவிடும். செல் மீண்டும் மின்னேற்றம் பெற முடியாமல் திணறும். அடுத்த துடிப்புக்குரிய மின்குறிப்பு பிறக்காது. முதலில் துடிப்பின் ஒழுங்கு கெடும். பிறகு இதயம் நிற்கும்.

1998இல் வந்த எச்சரிக்கை

அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தை ஆய்ந்து சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் என்னும் அமைப்பு 1951 முதல் இயங்கி வருகிறது. கடுமையான விபத்துகளைப் பற்றி மருத்துவமனைகள் தந்த விவரங்களை அது 1990களில் தொகுத்து ஆராயத் தொடங்கியது. 1998 பிப்ரவரியில் தன் முதல் எச்சரிக்கை அறிக்கையை வெளியிட்டது. அது முழுக்க முழுக்கப் பொட்டாசியம் குளோரைடு பற்றியதே.

தவறாகக் கொடுத்த பொட்டாசியம் குளோரைடினால் 10 நோயாளிகள் இறந்திருந்தனர். அவர்களுள் 8 பேருக்குச் செறிந்த கரைசல் நீர்க்கப்படாமல் நேராகச் செலுத்தப்பட்டிருந்தது. அந்த எட்டில் ஆறு நிகழ்ச்சிகளில், வேறொரு மருந்து என்று எண்ணியே அதை எடுத்திருந்தார்கள். குப்பியும் அதன் மேலிருந்த எழுத்தும் ஒன்றுபோல் இருந்ததே முக்கிய காரணம். எல்லா நிகழ்ச்சிகளிலும் பொதுவாக இருந்த செய்தி ஒன்று உண்டு: செறிந்த கரைசல் வார்டிலேயே, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது!

ஒரு மருத்துவமனையில் இப்படி ஒரு மரணம் நேர்ந்தால் அங்குள்ளவர்கள் அதை ஒரு தனி மனிதரின் கவனக்குறைவு என்றே எண்ணுவார்கள். பல இடங்களின் விவரங்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்த பிறகே பொதுவான காரணம் தெரிந்தது. அறிவியலில் ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? இங்கும் அதே கதைதான்.

அறிக்கை சொன்ன பரிந்துரை மிக எளிது. குப்பியை வார்டு அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள், மருந்தகத்தில் வையுங்கள், அங்கே மருந்தாளுநர் நீர்த்துத் தரட்டும். பிரிட்டனில் 2002இல் இதே எச்சரிக்கை வெளியாயிற்று. அமெரிக்காவில் 2003இல் ஜாயின்ட் கமிஷன் இதைத் தன் தேசியப் பாதுகாப்பு இலக்குகளுள் ஒன்றாக்கியது. 2007இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்த ஒன்பது நோயாளிப் பாதுகாப்பு வழிமுறைகளுள் இத்தகைய செறிந்த கரைசல்களைக் கட்டுப்படுத்துவதும் ஒன்று. உப்பு டப்பா வேறு தட்டுக்குப் போனது!

கவனம் மட்டும் ஏன் போதாது?

"செவிலியர் எழுத்தைப் படித்துப் பார்த்திருக்கலாமே!" என்று சிலர் நினைக்கலாம். நீங்கள் எழுதிய கட்டுரையை நீங்களே பலமுறை படித்தும் கண்ணில் படாத பிழையை, ஆசிரியர் ஒரே பார்வையில் வட்டமிட்டுக் காட்டுகிறார். ஏன் அப்படி? நமது மூளை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. என்ன இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறதோ அதையே பல நேரங்களில் கண்டுகொள்கிறது. தினமும் உப்புக் கரைசல் இருக்கும் இடத்திலிருந்து குப்பியை எடுக்கும் கைக்கு, அது உப்புக் கரைசலாகவே தெரியும். இது சோம்பேறித்தனம் அன்று. மூளை வேலை செய்யும் விதம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மருத்துவர் மருந்தைத் தீர்மானிப்பதிலிருந்து அது நோயாளியின் உடலில் சேரும் வரை 10 படிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியும் நூற்றுக்கு 99 முறை சரியாக நடக்கிறது. நல்ல மதிப்பெண்தானே? ஆனால் 0.99ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். விடை சுமார் 0.90. அதாவது, பத்து முறைக்கு ஒருமுறை எங்கோ ஓரிடத்தில் பிசகு நேரும். மிக நல்லவர்கள், மிகக் கவனமாக வேலை செய்தாலும்!

தவறு செய்த செவிலியரைத் தண்டித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? அலமாரி அப்படியே இருக்கும். அடுத்த மாதம், அதே இரவு இரண்டு மணிக்கு, வேறொரு செவிலியர் அதைத் திறப்பார்.

உங்கள் வீட்டு மூன்று முனை மின்செருகியைக் கவனித்திருக்கிறீர்களா? அதைத் தலைகீழாகச் செருக முயன்றால் உள்ளே போகாது. "சரியாகச் செருகவும்" என்று அங்கே பலகை தேவையில்லை. இதே தத்துவம் அறுவை அரங்கிலும் உண்டு. மயக்க மருந்துக் கருவியில் ஆக்சிஜன் உருளையைப் பொருத்தும் இடத்தில் இரண்டு சிறு முளைகள் இருக்கும். உருளையில் அதற்கு நேராகத் துளைகள் இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு உருளையில் துளைகள் வேறு இடத்தில் அமைந்திருக்கும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. 1950களில் வந்த இந்த ஏற்பாடு, ஆக்சிஜனுக்குப் பதில் வேறு வாயு போய்ச் சேரும் விபத்தைத் தடுக்கிறது. சிறந்த பாதுகாப்பு விதி என்பது மனிதன் தவறுவான் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து அமைத்த விதியாகும்.

ஐந்து சரிகள்

எல்லாவற்றையும் முளையும் துளையுமாகச் செய்துவிட முடியாது. எனவே மருந்து கொடுக்குமுன் செவிலியர்கள் ஐந்தைச் சரிபார்க்கிறார்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இவற்றுள் இரண்டை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலாவது, சரியான நோயாளி. ஒரே வார்டில் இரண்டு செல்விகள் இருக்கலாம். படுக்கை எண்ணையும் நம்ப முடியாது. காலையில் 7ஆம் படுக்கையில் இருந்தவர் மாலையில் 9ஆம் படுக்கைக்கு மாறியிருப்பார். ஆகவே பெயர், மருத்துவமனைப் பதிவு எண் என்று குறைந்தது இரண்டு அடையாளங்களைப் பார்க்கவேண்டும் என்பது விதி. கேட்கும் முறையும் முக்கியம். "நீங்கள் செல்வியா?" என்று கேட்டால், அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமாம்" என்பார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும். ஒரே செவிலியர் நாள்தோறும் பெயரைக் கேட்டால் நோயாளிகள் சிலர் சலித்துக்கொள்வது உண்டு. அவர் மறந்துபோய்க் கேட்கவில்லை. விதியைக் காக்கவே கேட்கிறார்.

இரண்டாவது, சரியான அளவு. இயற்பியல் ஆசிரியர் 1.0 என்று எழுதினால் பாராட்டுவார். அந்தப் பூஜ்யம் அளவீட்டின் துல்லியத்தைக் காட்டுகிறது. மருந்துச் சீட்டில் அதே 1.0 ஆபத்தானது. புள்ளி மங்கினால் அது 10 ஆகிவிடும். நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போகும். எனவே முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் எழுதக்கூடாது. 1 என்றே எழுதவேண்டும். மாறாக, .5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகலாம். அங்கே பூஜ்யத்தை முன்னே போட்டு 0.5 என்று எழுதவேண்டும். நம் நாட்டில் மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில் எழுதவேண்டும் என்று 2016இல் இந்திய மருத்துவக் கழகத்தின் விதி திருத்தப்பட்டது.

ஆபத்து மிகுந்த மருந்துகளுக்கு இருவர் சரிபார்க்கவேண்டும் என்றும் விதி உண்டு. ஒருவர் நூறு முறைக்கு ஒருமுறை தவறுவதாகக் கொள்வோம். இருவரும் தனித்தனியே கணக்கிட்டால் இருவருமே தவறும் வாய்ப்பு நூறில் ஒன்றை நூறில் ஒன்றால் பெருக்கியதாகும்; அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. ஆனால் "தனித்தனியே" என்ற சொல்லைக் கவனியுங்கள். முதலாமவர், "இரண்டு மில்லிலிட்டர், சரிதானே?" என்று கேட்க, இரண்டாமவர் தலையசைத்தால் அது இரண்டு சோதனை ஆகாது; ஒரே சோதனைதான். தேர்வில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதிய விடை, உங்கள் விடை சரியென்பதற்குச் சான்றாகுமா?

எழுதிய விதியும் நடக்கும் விதியும்

விதி எழுதிவிட்டால் மட்டும் போதுமா? அது பின்பற்றப்படுகிறதா என்று யாரேனும் பார்க்கவேண்டும். இந்தியாவில் இதற்காக 2005இல் மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம் தோன்றியது. தோற்றத்திலோ பெயரிலோ ஒன்றுபோல் உள்ள மருந்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கவேண்டும் என்பது அதன் தரவிதிகளில் ஒன்று. ஆபத்து மிகுந்த மருந்துகளைக் கொடுக்குமுன் சரிபார்க்கவேண்டும் என்பது இன்னொன்று. நல்ல ஆய்வாளர் கோப்புகளை மட்டும் புரட்டிவிட்டுப் போகமாட்டார். வார்டுக்குச் சென்று அலமாரியைத் திறப்பார், செவிலியரோடு பேசுவார், ஒரு நோயாளியின் மருந்து எந்த வழியாக வந்தது என்று படிப்படியாகப் பின்தொடர்வார்.

அப்போது சில நேரங்களில் விசித்திரமான உண்மைகள் தெரியவரும். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் கோடுகளாக அச்சிட்ட குறியீட்டைக் கருவியால் படித்து, பிறகே மருந்து கொடுக்கும் முறை பல மருத்துவமனைகளில் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இந்த முறையைச் செவிலியர்கள் 15 விதமான குறுக்கு வழிகளில் கடந்து செல்வதைக் கண்டது. சிலர் நோயாளியின் குறியீட்டை இன்னொரு பிரதி எடுத்து, வேறிடத்தில் வைத்துப் படிக்கச் செய்தார்கள்! ஏன் என்று தேடியபோது 31 காரணங்கள் கிடைத்தன: பட்டை கசங்கியிருந்தது, நனைந்திருந்தது, கருவியில் மின்கலம் தீர்ந்திருந்தது, என்று நீண்டது பட்டியல். விதி மீறப்படும்போது "யார் மீறியது?" என்ற கேள்வியோடு நிற்காமல், "ஏன் மீற நேர்ந்தது?" என்றும் கேட்டால்தான் அது சீர்படும்.

இதற்குத் தவறுகளை அச்சமின்றிச் சொல்லும் வழி வேண்டும். விமானத்துறையில் 1976 முதல் அமெரிக்காவின் நாசா நடத்தும் ஒரு திட்டத்தில், விமானிகள் தங்கள் தவறுகளையும் மயிரிழையில் தப்பிய ஆபத்துகளையும் எழுதி அனுப்புகிறார்கள். அவர்களின் பெயர் மறைக்கப்படுகிறது. மருத்துவமனைகளும் இந்தப் பாடத்தைக் கற்று வருகின்றன. மருந்தினால் நேரும் தவிர்க்கக்கூடிய தீங்குகளைக் குறைக்க 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2019 முதல் செப்டம்பர் 17 உலக நோயாளிப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

செய்து பாருங்கள்

கோடு போட்ட தாளில், கோட்டின் மேலேயே 1.0, 10, .5, 5, 0.5 ஆகியவற்றை அவசர அவசரமாக எழுதுங்கள். மங்கிய விளக்கொளியில், கை நீட்டும் தொலைவில் தாளைப் பிடித்து, நண்பர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை புள்ளிகள் கோட்டில் கரைந்துபோயின என்று எண்ணுங்கள். பத்துப் பேரிடம் சோதித்து அட்டவணை போட்டால், உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அருமையான பொருள் கிடைத்துவிடும்.

அடுத்து, பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். காதுக்கு விடும் சொட்டு மருந்தும் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தும் ஒரே மாதிரிக் குப்பியில், அருகருகே இருக்கின்றனவா? தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரையும் பாட்டியின் சர்க்கரை நோய் மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கின்றனவா? பிரித்து வையுங்கள். தாத்தா சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு, அவருக்கு ஒவ்வாத மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் தெளிவாக எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாள் பேசும்.

நாளை உங்களில் சிலர் மருத்துவராகலாம், செவிலியராகலாம், மருந்துக் குப்பியை வடிவமைக்கும் பொறியாளராகவும் ஆகலாம். அப்போது ஒரு தவறு நேர்ந்தால், "யார் செய்தது?" என்ற கேள்வி முதலில் உங்கள் நாவில் வரும். அதோடு நிற்காதீர்கள். எழுந்து போய், அலமாரியைத் திறந்து பாருங்கள்.